பழைய பாய்மரப் படகின் டீசல் எஞ்சின்: ஓவர்ஹால் செய்வதா, மாற்றுவதா? புதுச்சேரி, கடலூர் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டீர்கள். பாய், கயிறு, பாய்மரம் எல்லாம் பார்த்தாயிற்று. கேபின் படிக்கட்டை நகர்த்தி உள்ளே பார்த்தால் முப்பது வயது டீசல் எஞ்சின் ஒன்று துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக உட்கார்ந்திருக்கிறது. ஓடுகிறது, ஆனால் புகைகிறது. மெக்கானிக் "பிரிச்சுப் பாத்துடலாம் சார்" என்கிறார், அதாவது ஓவர்ஹால்: முழுதாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிப் பூட்டுவது. நண்பர் "பேசாம புதுசு போட்டுடு" என்கிறார். எந்தப் பக்கம் போனாலும் பெரிய பணம். இந்த முடிவை எடுக்க நான் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கும் கடலூர் முதுநகருக்கும் சென்னைக்குமாக நிறைய அலைந்தேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பாய் இருக்கிறதே, எஞ்சின் சுமாராக இருந்தால் போதும் என்ற எண்ணம் நம் கரைக்குச் சரிப்படாது. தேங்காய்த்திட்டிலிருந்து கடலுக்குப் போக அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். கடலூரில் உப்பனாற்றின் வாய். மணல் சேர்ந்து ஆழம் குறைந்திருக்கும் நாட்களில் அலை அங்கேயே உடையும். எதிரே விசைப்படகு வரும். பாயை மாற்றிப் போட்டுத் திரும்ப இடம் இருக்காது. அந்தச் சில நிமிடங்களில் எஞ்சின் நிற்கவே கூடாது. கீழே வரும் எல்லாக் கணக்கையும், 'இந்த எஞ்சினை நம்பி முகத்துவாரத்தில் நுழைவேனா?' என்ற கேள்வியோடு சேர்த்தே பாருங்கள்.

1. பெயர்த் தகட்டைப் படியுங்கள்

எஞ்சின் மீதும் கியர்பாக்ஸ் மீதும் தனித்தனித் தகடுகள் இருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடைத்து, மாடல், வரிசை எண், கியர் விகிதம் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். இனி யாரிடம் பேசினாலும் இந்தப் படம்தான் முதலில் போக வேண்டும். "யான்மார், ரெண்டு சிலிண்டர்" என்று மட்டும் சொன்னால் தவறான கேஸ்கெட்தான் வரும்.

உதாரணமாக, 1980களிலிருந்து ஏராளமான சிறு பாய்மரப் படகுகளில் வந்த யான்மார் 2ஜிஎம்20 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 3600 சுற்றில் 18 குதிரைத்திறன். இதிலேயே இரண்டு வகை உண்டு. பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் நன்னீர்க் குளிர்ச்சி: எஞ்சினுக்குள் கூலன்ட் சுற்றும், கடல்நீர் அந்தக் கூலன்ட்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு நின்றுவிடும். 'எஃப்' இல்லையென்றால் கடல்நீர் நேராக பிளாக்குக்குள் (எஞ்சினின் இரும்பு உடலுக்குள்) போய்ச் சுற்றி வெளியே வருகிறது. அந்த ஓர் எழுத்து உங்கள் முடிவைப் பாதி எடுத்துவிடும். ஏன் என்பதைப் படி 4இல் சொல்கிறேன்.

தகட்டின் படத்தை டீலருக்கு அனுப்பி ஆறு பொருள்களுக்கு விலையும் இருப்பும் எழுத்தில் கேளுங்கள்: முழு கேஸ்கெட் செட், பிஸ்டனும் ரிங்கும், மெயின் பேரிங், கான்ராட் பேரிங், எக்ஸாஸ்ட் எல்போ, கடல்நீர் பம்ப். இதில் இரண்டு மூன்றுக்கு 'தயாரிப்பு நின்றுவிட்டது' என்று பதில் வந்தால் ஓவர்ஹால் பேச்சையே எடுக்காதீர்கள்.

2. கோளாறு எஞ்சினில்தானா என்று உறுதி செய்யுங்கள்

அதிகம் பணம் வீணாவது இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான். எஞ்சின் செத்துவிட்டது என்று தோன்ற வைக்கும் நான்கு கோளாறுகள் உண்டு. நான்கையும் எஞ்சினைத் திறக்காமலே சரிசெய்யலாம்.

முதலாவது, அடியில் ஒட்டும் சிப்பி. நம் கடல் ஆண்டு முழுக்கச் சூடாக இருப்பதால், கட்டிக் கிடக்கும் படகின் விசிறியில் (ப்ரொபெல்லரில்) சில வாரங்களிலேயே சிப்பி பிடித்துவிடும். பிறகு எஞ்சின் முழுச் சுற்றுக்கு ஏறாது, கரும்புகை தள்ளும், சூடாகும். பார்ப்பவர் "கம்ப்ரஷன் போச்சு" என்பார், அதாவது சிலிண்டரில் காற்றை அழுத்தும் சக்தி போய்விட்டது என்று. ஆளை இறக்கி விசிறி, அதைச் சுழற்றும் தண்டான சாஃப்ட், கடல்நீர் உள்ளே வரும் துளை மூன்றையும் சுரண்டச் சொல்லிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இரண்டாவது, எக்ஸாஸ்ட் எல்போ. புகையும் கடல்நீரும் கலக்கும் இந்த வளைவில் கரியும் உப்பும் சேர்ந்து கல்லாக இறுகும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கிறதென்றால், இத்தனை நாளும் எஞ்சின் மூச்சு முட்டித்தான் ஓடியிருக்கிறது.

மூன்றாவது, டீசல் டேங்க். ஈரக் காற்றில் பாதி காலியாகக் கிடந்த டேங்கில் தண்ணீர் இறங்கும், அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்புக் கசடு வளரும். எஞ்சின் துறைமுகத்துக்குள் ஒழுங்காக ஓடும். முகத்துவாரத்தில் படகு குலுங்கியதும் கசடு கலங்கி ஃபில்டர் அடைத்து நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் டீசல் எடுத்து, ஓர் இரவு அப்படியே வைத்துப் பாருங்கள்.

நான்காவது, குளிர்ச்சி. கடல்நீர் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரின் ரப்பர் இதழ் உடைந்திருக்கலாம், உடைந்த துண்டு குழாயில் சிக்கியிருக்கலாம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைத்திருக்கலாம், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் குச்சியான ஜிங்க் பென்சில் கரைந்து அதன் மிச்சம் வழியை மறித்திருக்கலாம்.

3. பிரிக்காமலே செய்ய வேண்டிய சோதனைகள்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நீங்களும் கூட இருங்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே யாராவது ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது. பிளாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்புங்கள். வெண்புகை வந்து சில நிமிடத்தில் மறைந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மறையாமல் இருந்தால் டீசல் சரியாக எரியவில்லை (டீசலைத் தெளிக்கும் நாசில் அல்லது கம்ப்ரஷன்), அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வ் கைடு இரண்டில் ஒன்று. கரும்புகை என்றால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை. அதற்குப் படி 2க்குத் திரும்பிப் போங்கள்.

ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் எஞ்சினுக்கு இயல்பு. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் டீசலோ தண்ணீரோ ஆயிலில் இறங்குகிறது. கியர்பாக்ஸ் ஆயிலையும் இதே போலப் பாருங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் எடுத்துச் சென்னையில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். இரும்பு, செம்பு, உப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே எது தேய்கிறது என்பதும் தெரியும்.

அடுத்தது கம்ப்ரஷன். இதற்கு டீசல் எஞ்சினுக்கான கேஜ் வேண்டும். பெட்ரோல் வண்டிக் கேஜின் முள் பெரும்பாலும் 300 பி.எஸ்.ஐ.யோடு (அழுத்த அளவு) முடிந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் சிறு டீசல் எஞ்சின் 400 பி.எஸ்.ஐ. சுற்றி காட்டும். துல்லியமான எண்ணும் குறைந்தபட்ச அளவும் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மெக்கானிக் கையில் கொடுங்கள். மொத்த அளவைப் போலவே சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமும் முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஒன்று தேய்ந்திருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்), ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். ஸ்பூனுக்கு மேல் ஆயில் விடாதீர்கள். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு, ஆயில் தேங்கினால் கான்ராட் வளையும்.

இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலே செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால் கடல்நீர் பம்பும் கூடவே சுற்றும். புகை வேகம் இல்லாததால் தண்ணீர் மஃப்ளரில் நிரம்பிப் பின்வாங்கி சிலிண்டருக்குள் வரும். கம்ப்ரஷன் பார்க்கும்போது கடல்நீர் வால்வை மூடிவிடுங்கள். மூடியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சாவி மேல் ஒட்டுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திறக்க மறந்தால் இம்பெல்லர் தீய்ந்துவிடும்.

கடைசியாகக் கடலில் ஓட்டம். கட்டிய இடத்தில் சும்மா ஓடவிட்டால் எதுவும் தெரியாது. சுத்தமான விசிறியோடு வெளியே போய், முழு வேகத்தில் கையேட்டில் சொன்ன சுற்று வருகிறதா, முக்கால் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் வெப்பம் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஹவர் மீட்டரை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பாய்மரப் படகு எஞ்சின் அதிகம் ஓடித் தேய்வதில்லை. பத்து நிமிடம் ஓடி, சூடாகும் முன்பே அணைந்து, மாதக்கணக்கில் உப்புக் காற்றில் சும்மா கிடந்துதான் கெடுகிறது.

4. ஓவர்ஹாலுக்குத் தாங்குமா?

சோதனை முடிவு கையில் வந்ததும் முதலில் குளிர்ச்சி வகையைப் பாருங்கள்.

கடல்நீர் நேராக ஓடும் எஞ்சினில் முப்பது ஆண்டு உப்புநீர் பிளாக்கின் உட்சுவரைத் தின்றிருக்கும். புது ரிங், புது பேரிங், கிரைண்டிங் செய்த கிராங்க் எல்லாம் போட்டாலும் அந்தச் சுவர் பழைய சுவர்தான். தண்ணீர் வழியை ஒட்டிய கேஸ்கெட் பரப்பில் குழி விழுந்திருந்தால், அல்லது போல்ட் அங்கேயே முறிந்து வந்தால், என் தீர்ப்பு மாற்றுவதுதான். இதில் நான் தயங்குவதில்லை. நம் கடலின் வெப்பமும் உப்பும் அந்த பிளாக்கை இன்னும் எத்தனை பருவம் விட்டுவைக்கும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது.

நன்னீர்க் குளிர்ச்சி எஞ்சின், கூலன்ட் ஒழுங்காக மாற்றப்பட்டிருக்கிறது, பாகங்கள் கிடைக்கின்றன, கம்ப்ரஷன் மட்டும் இறங்கியிருக்கிறது என்றால் ஓவர்ஹால் நல்ல முடிவு. கம்ப்ரஷனும் சரியாக இருந்து புகை மட்டும் என்றால் அதுவும் வேண்டாம். நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் அழுத்தமும் தெளிப்பும் பாருங்கள், வால்வ் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். அந்தச் சின்னச் செலவோடு வீடு திரும்பியவர்கள் உண்டு.

பிளாக்கிலோ கிராங்கிலோ விரிசல் விழுந்திருந்தால் பேச்சே இல்லை, மாற்றுவதுதான்.

5. இரண்டு பட்டியல் போடுங்கள்

எஞ்சின் விலையை மட்டும் ஓவர்ஹால் செலவோடு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது தவறான கணக்கு. இரண்டு காகிதம் எடுத்து இரண்டு வழிக்கும் முழுச் செலவையும் எழுதுங்கள்.

மாற்றும் பட்டியலில் எஞ்சின் விலை (கியர்பாக்ஸ், பேனல், வயரிங், ரப்பர் மவுன்ட் சேர்த்தா இல்லையா என்று கேட்டு), கப்பல் சரக்கு, இன்ஷூரன்ஸ், சுங்க வரி, அதன் மேல் ஜி.எஸ்.டி., கிளியரிங் ஏஜென்ட் கட்டணம், சென்னையிலிருந்து வண்டி வாடகை எல்லாம் வரும். பிறகு படகுக்குள் ஆகும் செலவு. புது எஞ்சினின் கால்கள் பழைய மேடையில் உட்காராது, ஃபைபர் வேலை செய்து மேடையை மாற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயின் அளவு மாறலாம், மஃப்ளர் மாறலாம். கியர் விகிதம் 2.62இலிருந்து வேறொன்றாக மாறினால் விசிறியும் மாற வேண்டும். கப்ளிங், சாஃப்டின் நீளம், கன்ட்ரோல் கேபிள், டீசல் ரிட்டர்ன் லைன் என்று பட்டியல் நீளும். எஞ்சின் விலை 100 ரூபாய் என்றால், பொருத்தும் செலவாகத் தனியே 50 ரூபாய் ஒதுக்கச் சொல்வேன். படகு ரொம்பப் பழசு என்றால் அதற்கும் மேலே.

ஓவர்ஹால் பட்டியலில் பாகங்கள், லேத் பட்டறைக் கூலி (போர், ஹெட் சமன் செய்தல், கிராங்க் கிரைண்டிங், வால்வ்), பம்ப் கேலிபரேஷன், நாசில், மெக்கானிக் கூலி. இதன் மேல் கால் பங்கு எதிர்பாராச் செலவுக்கு. ஹெட்டைத் திறந்த பிறகு புதிதாக ஒன்று தெரியவரும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

இப்போது இரண்டிலும் வருபவற்றை அடியுங்கள். கிரேன், டேங்க் சுத்தம், நைந்த குழாய்கள், எக்ஸாஸ்ட் எல்போ, சாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட், மேடையின் அடியில் ஊறிப்போன மரம் எல்லாம் எஞ்சினை வெளியே எடுத்தாலே செய்ய வேண்டியவை. அடித்த பிறகு மிஞ்சும் தொகைகளைப் பாருங்கள். ஓவர்ஹாலின் மிச்சம் மாற்றுவதன் மிச்சத்தில் 60 சதவீதத்தைத் தாண்டினால் நான் மாற்றுவதையே தேர்ந்தெடுப்பேன். வாரண்டியும், அடுத்த இருபது ஆண்டுக்குக் கிடைக்கும் பாகங்களும் மீதி 40க்கு ஈடாகும். ஆனால் படகை மூன்று ஆண்டுக்குள் விற்கும் எண்ணம் இருந்தால் புது எஞ்சின் போடாதீர்கள். வாங்குபவர் அந்தப் பணத்தை முழுதாகத் தர மாட்டார்.

6. மாற்றுவதென்றால் எதை?

எத்தனை குதிரைத்திறன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாய்மரப் படகின் வேகத்துக்கு அதன் நீர்க்கோட்டு நீளமே (மிதக்கும்போது நீர்மட்டத்தில் உள்ள நீளமே) எல்லை. அடிக் கணக்கில் அளந்த அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கில் வேகம் வரும். 25 அடி என்றால் 6.7 நாட். 60 குதிரை போட்டாலும் அதற்கு மேல் பெரிதாக ஏறாது. எடையில் டன்னுக்கு 4 குதிரைத்திறன் இருந்தால் எதிர்க் காற்றிலும் முகத்துவாரத்தைத் தாண்டலாம்.

புது கடல் எஞ்சின்: யான்மார், வோல்வோ பென்டா, கூபோட்டா பிளாக்கில் கட்டப்பட்ட பீட்டா, நான்னி போன்றவை. கூபோட்டா பிளாக்கில் நமக்கு ஒரு வசதி. கூபோட்டா டிராக்டர்கள் இந்தியாவிலும் விற்கின்றன, பிளாக்கின் மாடல் இங்கே விற்கும் டிராக்டரிலோ ஜெனரேட்டரிலோ உள்ளதாக இருந்தால் ஃபில்டர், கேஸ்கெட், ரிங் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். வாங்கும் முன் பிளாக் எண்ணை வைத்து விசாரியுங்கள்.

அலங் லைஃப்போட் (கப்பலின் உயிர்காப்புப் படகு) எஞ்சின்: குஜராத்தின் அலங்கில் கப்பல் உடைக்கும்போது லைஃப்போட் எஞ்சின்கள் விற்பனைக்கு வரும். பூக் போன்ற நல்ல டேனிஷ் எஞ்சின்களும் இருக்கும். ஓடிய மணி நேரம் மிகக் குறைவு, விலையும் குறைவு. கவனிக்க வேண்டியது குளிர்ச்சி. சர்வதேச விதிப்படி லைஃப்போட் எஞ்சின் தண்ணீரைத் தொடாமலே குறைந்தது 5 நிமிடம் ஓட வேண்டும். அதனால் அதன் குளிர்ச்சி அமைப்பு வேறு மாதிரி இருக்கும். கடல்நீர் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், நனைந்த எக்ஸாஸ்ட் ஆகியவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம். ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய கார் எஞ்சின்: மலிவு என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் சுற்றும் மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் அடாப்டர், சாய்வாக உட்கார்ந்தாலும் ஆயில் எடுக்கும் சம்ப் என்று ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும்போது புது எஞ்சின் விலையை எட்டிவிடும். காமன் ரயில் எஞ்சினாக இருந்தால் அதன் கம்ப்யூட்டர் உப்புக் காற்றில் தாங்காது.

ஃபைபர் படகின் பின்னால் நீட்டி மாட்டும் ஒற்றை சிலிண்டர் காற்றுக் குளிர்ச்சி எஞ்சினைக் கேபினுக்குள் வைக்கச் சொல்லும் யோசனையும் வரும். மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடும் அதிர்வும் அடங்காது. பின்பலகையில் அவுட்போர்டு (படகுக்கு வெளியே மாட்டும் எஞ்சின்) மாட்டலாமா என்றால், முகத்துவார அலையில் படகின் பின்பக்கம் தூக்கும்போது விசிறி காற்றில் சுற்றும். வேண்டாம்.

7. ஓவர்ஹால் என்றால் மெக்கானிக்கோடு என்ன பேச வேண்டும்

நம் துறைமுகங்களில் டீசல் தெரிந்த கைகளுக்குக் குறைவே இல்லை. விசைப்படகின் ஆறு சிலிண்டரைக் கண்ணை மூடிப் பிரித்துப் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. சிறு ஜப்பானிய எஞ்சினின் அளவுகள் மட்டும் அவர்கள் கைக்குப் பழக்கமில்லாதவை. அதனால் கையேட்டின் அளவுப் பக்கங்களைக் கொடுத்து, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்க வேண்டும் என்று முதலிலேயே மரியாதையோடு பேசிவிடுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: கூலி எவ்வளவு, எந்த எந்த வேலைக்கு, பட்டறைக் கூலி யார் பொறுப்பு, பிளாக் உடைந்திருந்தால் அதுவரை செய்த வேலைக்கு எவ்வளவு, கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் உங்களிடம் திரும்ப வர வேண்டும் என்பது. முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். பாதி, பிறகு எஞ்சின் ஓடியதும் கால், கடல் ஓட்டம் முடிந்ததும் மீதி.

கிராங்க் கிரைண்டிங்குக்கு அனுப்பும் முன் கடைந்து சிறிதான கிராங்குக்குப் பொருந்தும் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் கிடைக்குமா என்று உறுதி செய்யுங்கள். கிரைண்டிங் முடித்த பிறகு பேரிங் இல்லை என்று தெரிந்தால் கிராங்க் குப்பைக்குப் போகும். போர் அடிப்பதற்கும் இதேதான்: ஓவர்சைஸ் பிஸ்டன் கைக்கு வந்த பிறகு, அந்தப் பிஸ்டனை அளந்தே போர் அடிக்க வேண்டும்.

8. எப்போது செய்வது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை உங்கள் படகுக்கு இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில்தான் விசைப்படகுகள் எல்லாம் எஞ்சின் வேலைக்கு வரும். மெக்கானிக், லேத், வெல்டர், கிரேன் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் உங்கள் வேலை ஓரத்தில் கிடக்கும். அது அவர்களுக்குப் பிழைப்பு, உங்களுக்கு விருப்பம். அந்த வரிசையை மதியுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் இரண்டும் இந்தப் பகுதியில்தான் கரையைக் கடந்தன. எஞ்சின் இல்லாத படகைப் புயல் எச்சரிக்கையில் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த முடியாது.

ஆக மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் வரை, அல்லது ஜூலை, ஆகஸ்ட். நான் சொல்வது முதலாவது. மழைக்காலத்தில் சோதனையும் விலை விசாரிப்பும் முடித்து டிசம்பரிலேயே பாகங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். பாகங்கள் கைக்கு வராமல் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது.

9. தூக்குவது

இங்கிலாந்திலும் பிரான்சிலும் எழுதிய கையேடுகள், கடல் நீர்மட்டம் வற்றும்போது படகைச் சுவரோரம் நிறுத்தி வேலை பார்க்கச் சொல்லும். நம் கரையில் ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அடியில் ஒன்றரை மீட்டர் கீல் (நீருக்குள் நீட்டியிருக்கும் அடிப்பாகம்) உள்ள படகு அப்படி வெளியே தெரியாது. எஞ்சினை மிதக்கும் படகிலிருந்தே எடுக்க வேண்டும்.

முதலில் அளவு. கேபின் வாசலின் அகலம், உயரம் இரண்டையும் எஞ்சினின் அளவோடு ஒப்பிடுங்கள். பல நேரம் ஆல்டர்னேட்டர், மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் மூன்றையும் கழற்றினால்தான் வெளியே வரும். கேபினுக்குள்ளிருந்து காக்பிட் (ஓட்டுபவர் உட்காரும் திறந்த இடம்) வரை, பாயின் அடியை நீட்டிப் பிடிக்கும் கம்பான பூமில் செயின் பிளாக் கட்டித் தூக்கலாம். பூமின் எடையைப் பாய் ஏற்றும் கயிறு தாங்கும்படி, தூக்கும் இடத்துக்கு நேர் மேலே கட்டுங்கள். பூமின் நுனியில் மட்டும் தாங்கல் இருந்தால் நடுவில் வளைந்துவிடும். காக்பிட்டிலிருந்து கரைக்கு கிரேன். மீன்பிடித் துறைமுக வளாகத்துக்குள் கிரேன் கொண்டுவர அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பக்கத்துப் படகுக்காரர்களிடமும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மீன் இறங்கும் அதிகாலையில் கிரேனை நிறுத்தாதீர்கள்.

எஞ்சின் வெளியே வந்ததும் அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, மேடையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று மந்தமான சத்தம் வந்தால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. அதைச் சரிசெய்ய இதைவிட நல்ல நேரம் இனி வராது. கழற்றும்போது வடியும் ஆயிலைப் பாத்திரத்தில் பிடியுங்கள், பில்ஜ் (படகின் அடியில் நீர் சேரும் குழி) வழியாக ஆற்றில் விடாதீர்கள்.

10. காகிதங்கள்

இறக்குமதி: சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியின் நகல், இன்வாய்ஸ், வரி கட்டிய ரசீது மூன்றும் நிரந்தரமாக உங்களிடம் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குத் தனிநபர் இறக்குமதி செய்ய ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு) எண் தேவையில்லை, ஆனால் ஆதார், பான் போன்ற அடையாள ஆவணங்கள் கேட்பார்கள். சரக்கு இறங்கும் முன்பே கிளியரிங் ஏஜென்டைப் பிடியுங்கள். துறைமுகத்தில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

பழைய எஞ்சின் வாங்கினால்: எஞ்சின் எண் எழுதிய விற்பனை ரசீது. எண் இல்லாத ரசீது உதவாது.

எல்லை: புதுச்சேரியிலிருந்து முதுநகர் பட்டறைக்கு எஞ்சினை ஏற்றிப் போவது பக்கத்துத் தெருவுக்குப் போவது போலத் தோன்றும். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் (ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) கேட்பார்கள். பட்டறையின் வேலைச் சீட்டு, உங்கள் உரிமையைக் காட்டும் காகிதம், தகட்டின் படம் ஆகியவற்றை வண்டியோட்டியிடம் கொடுத்து அனுப்புங்கள், பில் போடுவது யார் என்று பட்டறையோடும் லாரிக்காரரோடும் முன்பே பேசிவிடுங்கள்.

படகின் பதிவுச் சான்றிதழிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் பழைய எஞ்சின் எண்ணோ குதிரைத்திறனோ எழுதியிருந்தால் மாற்றி எழுதி வாங்குங்கள். எண் பொருந்தாத படகுக்கு இழப்பீடு கேட்டால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான். புது எஞ்சினுக்கு வாரண்டி வேண்டுமென்றால் டீலரின் ஆள் வந்து முதல் ஓட்டத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அவர் புதுச்சேரி வரை வருவதற்கான செலவு யாருடையது என்று ஆர்டருக்கு முன்பே கேளுங்கள்.

11. பொருத்திய பிறகு

சாஃப்ட் அலைன்மென்ட்டைப் படகு மிதக்கும்போதே பார்க்க வேண்டும். கரையில் சரியாக இருப்பது தண்ணீரில் மாறும். இரண்டு கப்ளிங் முகங்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுச் சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். கப்ளிங் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம். 4 அங்குலக் கப்ளிங் என்றால் 0.1 மில்லிமீட்டர். புது ரப்பர் மவுன்ட் கொஞ்சம் அமுங்கும், அதனால் சில வாரம் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள்.

ஓவர்ஹால் செய்ததோ புதியதோ, முதல் 50 மணி நேரம் அதைச் சும்மா ஓடவிடாதீர்கள். சுமை இல்லாமல் மெதுவாக ஓடினால் ரிங் போரில் படியாமல் வழுவழுப்பாகி, பிறகு எப்போதும் ஆயில் குடிக்கும். கடலில், கியரில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 50 மணியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் போல்ட், வால்வ் இடைவெளி இரண்டையும் கையேட்டில் சொன்னபடி பார்க்கச் சொல்லுங்கள். அந்த 50 மணி முடியும் வரை முகத்துவாரத்தைக் காற்றும் அலையும் குறைவான காலை வேளையிலேயே தாண்டுங்கள். நங்கூரம் முன்பக்கத்தில் தயாராக, கையால் அவிழ்க்கும்படி இருக்கட்டும்.

பழைய எஞ்சினை உடனே எடைக்குப் போடாதீர்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், நாசில், கடல்நீர் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் கழற்றி எண்ணெய் தடவி, மாடல் எண்ணை எழுதிக் கட்டி வையுங்கள். அதே மாடல் எஞ்சினோடு கொச்சியிலோ சென்னையிலோ யாராவது ஒருவர் அந்தப் பம்புக்காகத் தேடிக்கொண்டிருப்பார். மிச்சமுள்ள பிளாக்கை எடைக்குக் கொடுக்கும்போது எஞ்சின் எண் எழுதிய ரசீது வாங்கிப் படகின் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள்.